ஒரே அறையில் இரண்டு அடுப்பு

என் அக்கா தன் புருஷனை விட்டுப் பிரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பிரிந்து எங்கேயும் போய்விடவில்லை. அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனாள், அவ்வளவுதான். நடுவில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. கோட்டைப் போட்டதும் அவள்தான். தையல்காரி ஆயிற்றே, நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. மாமாவுக்கு ஜன்னல் பக்கம், அவளுக்குக் கதவுப் பக்கம். கட்டில் மட்டும் கோட்டின் மேலேயே கிடந்தது. அதை நகர்த்த வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

இவர்கள் கல்யாணத்தைப் பெரியவர்கள் பண்ணிவைத்தார்கள். பிரிவைப் பண்ணிவைத்தது மாநில அரசாங்கம்.

அந்த வருஷங்களுக்குப் 'பொருளாதார மந்தம்' என்று பேர். பேர் வைத்தவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். மந்தம் என்றால் தின்றது செரிக்காமல் வயிறு கனப்பது. எங்களுக்கோ செரிக்க எதுவுமே உள்ளே போகவில்லை. நூல் ஆலையை மூடினார்கள். அதை நம்பியிருந்த சாயப்பட்டறை மூடியது. பட்டறை ஆட்கள் முடி வெட்டிக்கொள்வதை நிறுத்தியதால் சலூன்காரரும் கடையைச் சாத்தினார். மாமா அந்த ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். நூறு பேரை ஒரே அதட்டலில் ஓடவைத்தவருக்கு அதட்ட ஆள் இல்லாமல் போயிற்று. வீட்டிலேயே உட்கார்ந்து நாற்காலியை அதட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு நிவாரண வேலை வந்தது. மனுஷனைச் சும்மா உட்காரவைத்துச் சோறு போட்டால் கெட்டுப்போவான் என்று தலைநகரத்தில் யாரோ ஒரு கனவான் கண்டுபிடித்திருந்தார். அவர் எங்கே உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்தார் என்பது எனக்குத் தெரியாது. மாநிலம் முழுக்க ரோடு போட்டார்கள், பாலம் கட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். தெருநாய்களை எண்ணுவதற்குக்கூட ஆள் எடுத்தார்கள். நாய்கள் ஒத்துழைக்காததால் ஒரே நாயைப் பலமுறை எண்ணியதில், எங்கள் ஊர் நாய்க் கணக்கில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. என்னை மரம் நடும் பிரிவில் போட்டார்கள். அந்த மரங்களுக்குக் கீழேதான் இன்றைக்கு நீங்கள் வண்டி நிறுத்துகிறீர்கள். ஒருவராவது நன்றி சொன்னதில்லை.

அக்காவுக்குத் தையல் கூடத்தில் இடம் கிடைத்தது. மூடிக்கிடந்த சினிமா கொட்டகையில் நாற்காலிகளைக் கழற்றிவிட்டுத் தையல் மெஷின்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அக்காவின் மெஷினும் நாற்காலியும் வெள்ளைத் திரைக்கு நேர் கீழே. அதுவரை அவள் ஊர்த் துணியெல்லாம் கையால்தான் தைத்தாள். அதுவும் அடுப்பில் ஒரு கண், துணியில் ஒரு கண் என்று தைத்தாள். முதல் நாள் வேலை முடிந்து வந்ததும் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு ரகசியம் மாதிரிச் சொன்னாள்:

"காலையிலேருந்து ஒரு ஆளு 'அந்தத் துண்டு எங்கே'ன்னு என்னைக் கேக்கலடி."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. சம்பளம் அப்புறம். அந்த நாற்காலி அவளுடையது, அதிலிருந்து அவளை எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிசு.

கூடத்தில் தைத்ததெல்லாம் ஆஸ்பத்திரிச் சட்டை. பின்பக்கம் நாடா வைத்தது. மாநிலத்தில் உள்ள எல்லா நோயாளிகளுக்கும் ஆளுக்கு நாலு தைத்த பிறகும் துணி மிச்சமிருந்தது. நிறுத்தினால் பெண்களுக்கு வேலை போய்விடும், அதனால் தைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சட்டைகளை ஊருக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் கடைத்தெருவில் நடந்தால் வார்டிலிருந்து மொத்தமாகத் தப்பித்து வந்த கூட்டம் மாதிரி இருக்கும். தபால்காரர் முதுகில் நாடா ஆட ஆட சைக்கிளில் போவார்.

கொஞ்ச நாள் கழித்து மாமாவுக்கும் வேலை வந்தது. புதுப் பூங்காவைச் சுற்றிச் சுவர் எழுப்புகிற வேலை. மேஸ்திரியாக இருந்தவர் செங்கல் சுமக்கப் போவதில் அவருக்கு ஏகப்பட்ட மனக்கசப்பு. ஆனாலும் கிளம்பினார். அவர் கிளம்பிய வாரமே நிவாரண ஆபீஸ் வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள்.

'ஓர் அடுப்பைச் சேர்ந்தோரில் ஒருவருக்கே நிவாரணப் பணி.'

குடும்பம் என்று எழுதினால் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று வழக்கு வரும் என்று பயந்து, எழுதியவர் புத்திசாலித்தனமாக அடுப்பு என்று போட்டுவிட்டார். ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம், கதை முடிந்தது என்று நினைத்திருப்பார். எங்கள் தெருவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

மாமா அறிவிப்பைப் படித்துவிட்டு வந்து, தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்: "அப்போ நாளையிலேருந்து நீ நின்னுடு."

"நான் ஏன் நிக்கணும்?"

மாமா யோசித்தார். இதற்குக் காரணம் வேண்டும் என்பதே அவருக்குப் புதுசு. "பின்னே நானா நிக்கறது? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"நீங்க நிக்க வேண்டாம். போங்க. நானும் போறேன். நாம பிரிஞ்சுடலாம்."

மாமாவுக்குப் புரையேறியது. அக்கா அவர் தலையில் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அடுப்பைச் சொன்னேங்க."

இரண்டாவது அடுப்புக்குச் செங்கல் வேண்டும். மாமாவின் கை நிறைய அரசாங்கச் செங்கல் இருந்தது. சாப்பாட்டுத் தூக்கில் ஒன்று, குடைக்குள் ஒன்று என்று இரண்டே நாளில் ஜன்னலுக்கு அடியில் ஓர் அடுப்பு எழும்பியது. அதைப் பார்த்த எதிர்வீட்டு அண்ணன் தம்பிகள் பிரிந்தார்கள். மாடியில் அப்பனும் மகனும் பிரிந்தார்கள். அந்த மாதம் எங்கள் தெருவில் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்று யாரும் இல்லை. எல்லோருக்கும் செங்கல் அந்தச் சுவரிலிருந்துதான். சுவர் காலையில் வளரும், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும். இன்ஜினியர் ஒருவர் வந்து அளந்து பார்த்தார், குழம்பினார், மறுபடி அளந்தார். மண் இளகி சுவர் உள்ளே இறங்குகிறது என்று முடிவு கட்டி, வேலையை இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டச் சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஆபீஸும் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகச் சோதிக்க ஓர் ஆளைப் போட்டது. பாங்க் திவாலாகி வேலை போன குமாஸ்தா, ஒல்லியான மனிதர். கதவைத் தட்டமாட்டார், வாசலில் நின்று இருமுவார். உள்ளே வந்து ஒன்றும் பேசாமல் ஒவ்வோர் அடுப்பிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் அது அடுப்பு. ஜில்லென்று இருந்தால் அது மோசடி. தெருவில் அவருக்குத் தெர்மாமீட்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

புருஷன் பெண்டாட்டி பிரிந்ததாகச் சொன்னால் அவருக்கு அடுப்பு மட்டும் போதாது. அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். சண்டை உண்மையான சண்டைதானா? அக்கம்பக்கம் என்றால் நான்தான், ஒரு மெல்லிய பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்.

"தினம் ரகளை சார், தூங்க முடியல," என்று சொல்லிவிட்டேன். அதனால் இவர்கள் தினம் ரகளை பண்ண வேண்டியதாயிற்று.

முதல் சண்டை மகா மட்டம். ஆலையில் நூறு பேரை அதட்டிய மாமாவுக்கு வீட்டில் சண்டை போட விஷயமே கிடைக்கவில்லை.

"அடியே... நீ... நீ சரியே இல்லே!" என்று கத்தினார்.

"என்ன சரியில்லேன்னு சொல்லுங்க, தெரு கேக்குது," என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"எல்லாந்தான்!"

பலகைக்கு இந்தப் பக்கம் நான் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அக்காவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நாலாவது சண்டையிலேயே கைதேர்ந்துவிட்டாள். குரலை ஏற்றி இறக்கி, பாத்திரத்தைத் தட்டி, தெருவே வேலையைப் போட்டுவிட்டுக் கேட்கிற மாதிரி வாங்கு வாங்கென்று வாங்கினாள். மாமாவும் உள்ளுக்குள் ரசித்துக்கொண்டு, நடுநடுவே "ஆமாமா" என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"கல்யாணம் ஆன நாளா உங்களுக்கு ஆக்கிப் போடறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'நீ சாப்பிட்டியா'ன்னு என்னைக் கேட்டிருக்கீங்களா?"

பாத்திரச் சத்தம் நின்றது. மாமா "ஆமாமா" சொல்லவில்லை. தெருவில் யாரோ கைதட்டினார்கள். அது சண்டைக்காகச் சொன்னது இல்லை என்று பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது, அந்தப் பக்கம் அவருக்கும் தெரிந்தது. என் சிரிப்பு நின்றுபோயிற்று.

மறுநாள் காலையில் ஜன்னல் வழியாகப் புகை வந்தது. அறைக்குத் தீ வைத்துவிட்டார் என்று ஓடினேன். மாமா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அதுவரை அவருடைய அடுப்பைச் சூடாக்கி வைப்பதும் அக்காதான். அன்றைக்கு அவள் தொடக்கூடாது என்றார். அவர் வைத்த கஞ்சியைச் சுவரில் பூசியிருந்தால் பூங்காச் சுவர் நிஜமாகவே நின்றிருக்கும். ஆனால் மனிதர் விடவில்லை. மேஸ்திரி புத்தி, அடுப்பையே அதட்டி வேலை வாங்கினார். மழைக்காலம் முடிவதற்குள் அவர் குழம்பின் வாசனை பலகை தாண்டி வந்து என்னைப் பாடாய்ப் படுத்தத் தொடங்கிவிட்டது.

தெர்மாமீட்டர் எங்கள் தெருவுக்கு வந்தபோதெல்லாம் இரண்டு அடுப்பும் தகதகவென்று இருக்கும். அதற்கும் காரணம் இருந்தது. தையல் கூடத்தில் அக்காவுக்குப் பக்கத்து மெஷினில் பொத்தான் தைக்கிற ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள். "நாங்களும் பிரிஞ்சுதான் இருக்கோம்," என்பாள். அந்தக் கூடத்தில் பாதிப்பேர் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், யாரும் துருவிக் கேட்பதில்லை. அந்தப் பொத்தான்காரி அவ்வப்போது நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொல்லுவாள்: "இன்னைக்கு உங்க தெருப்பக்கம் வருவாங்க போலிருக்கு." சொன்னால் சொன்னபடி வருவார். அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது யார் கேள்வி கேட்கிறார்கள்?

ஒரு நாள் பொத்தான்காரி பல்வலி என்று வேலைக்கு வரவில்லை.

அன்றைக்கு அக்காவுக்குத் தலைவலி. வந்ததும் கட்டிலில் தன் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. மாமா ஜன்னல் பக்கம் கிழங்குக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். கிளறுவதை நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டார்:

"சாப்பிட்டியா?"

அக்கா நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். "இல்லே."

மாமா ஒரு தட்டில் போட்டுக் கோட்டுக்கு மேலே நீட்டினார். அக்கா வாங்கி முதல் வாய் வைத்தாள். வாசலில் இருமல் கேட்டது.

அந்த இருமல் கேட்டதும் நான் ஓடிப்போய், "சார், எங்க அடுப்பையும் கொஞ்சம் பாருங்களேன்," என்று வழிமறித்துப் பார்த்தேன். "உங்க வீட்டுல நீங்க ஒருத்தர்தானேம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பின்னாலேயே நானும் போனேன்.

மாமாவின் அடுப்பில் கையை வைத்தார், சுரீரென்றதும் எடுத்துக்கொண்டார். அக்காவின் அடுப்பில் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. பிறகு அவள் மடியிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"இது ஜில்லுனு இருக்கே. அது யார் வீட்டுச் சாப்பாடு?"

ஒரே அடுப்பு என்று ஆனால் ஒருவருக்கு வேலை போகும். அந்த ஒருவர் யாராக இருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆபீஸுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். வெள்ளைத் திரைக்குக் கீழே இருந்த அந்த நாற்காலி என் கண்ணுக்கு முன்னாலேயே காலியாவது போல் இருந்தது.

அக்கா வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"வாங்கினது சார்."

"எங்கே வாங்கினது?"

கோட்டுக்கு அந்தப் பக்கம் மோவாயைக் காட்டினாள். "அங்கே."

"விலைக்கா?"

"பின்னே? பிரிஞ்ச புருஷன் சும்மா போடுவாரா?"

தெர்மாமீட்டர் மெல்லத் திரும்பினார். "நீங்க சாப்பாடு விக்கறீங்களா?"

மாமா கரண்டியோடு நின்றார். இல்லை என்றால் அக்காவின் நாற்காலி போயிற்று. ஆமாம் என்றால் ஆலை மேஸ்திரி சமையல்காரன் ஆகிறான், அதுவும் தெருவுக்கே தெரிய, பெண்டாட்டிக்குச் சோறு விற்கிறவனாக. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்," என்றார். "விக்கறேன்."

"அப்போ உங்களுக்குத் தொழில் இருக்கு. தொழில் இருக்கறவங்களுக்கு நிவாரண வேலை கிடையாது. நாளையிலேருந்து சுவர் பக்கம் வரவேண்டாம்."

"சரி சார்."

அதுவரை எனக்கு என் அக்கா புருஷனைப் பிடிக்காது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த 'சரி சார்' கேட்ட நிமிஷத்திலிருந்து பிடித்துவிட்டது.

தெர்மாமீட்டர் வாசல்வரை போய்த் திரும்பினார். மூக்கை லேசாக உறிஞ்சினார். "உப்பு சரியா இருக்காம்மா?"

"கொஞ்சம் கம்மி சார்."

"கம்மியா?" என்று மாமா கொதித்தார். "யாருடி சொன்னது கம்மின்னு?" அவர்கள் போட்ட சண்டையிலேயே உண்மையான சண்டை அதுதான். தெர்மாமீட்டர் அதைக் கேட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்.

தொழில் இருக்கிறது என்று அரசாங்கமே சொன்ன பிறகு தொழில் நடத்தாமல் என்ன செய்வது? மறுநாள் மாமா ஜன்னல் கதவைத் திறந்து, ஜன்னல் கட்டையில் ஒரு பலகையைப் போட்டார். சுவர் கட்டுகிறவர்கள் பழைய சிநேகத்தில் வந்தார்கள். தையல் கூடத்துப் பெண்கள் அக்கா சொல்லி வந்தார்கள். பிரிந்தவர்களில் பாதிப்பேருக்கு இரண்டாவது அடுப்பில் சமைக்கத் தெரியாது, அவர்கள் வேறு வழியில்லாமல் வந்தார்கள். அக்கா மத்தியானம் கூடத்திலிருந்து வந்து, ஜன்னலுக்கு வெளியே தெருவில் வரிசையில் நிற்பாள். "கதவு வழியா வந்தா ஆகாதா?" என்றால், "வாடிக்கைக்காரங்க எல்லாரும் ஜன்னல்லதானே நிக்கறாங்க," என்பாள். அவள் முறை வரும்போது மாமா கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்பார். சாப்பாடு வாங்க வரிசையில் நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் ஒருநாளும் விடாமல் கேட்டார். அவளும் ஒருநாளும் விடாமல், "இல்லே," என்று சொன்னாள்.

மாமாவை மாட்டிவிடத்தான் அன்றைக்கு அப்படிச் சொன்னாயா என்று அவளை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நூலைக் கடிப்பாளே தவிர வாய் திறக்கமாட்டாள்.

மந்தம் வந்த மாதிரியே போயிற்று, சொல்லிக்கொள்ளாமல். ஆலைச் சங்கு ஊதியது. மாமாவை மறுபடி மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. குழம்பு அடுப்பில் இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். செங்கல் யாருக்கும் தேவைப்படாமல் போனதும் பூங்காச் சுவர் ஒரே மாதத்தில் எழுந்து நின்றது. மண் இறுகிவிட்டது என்று இன்ஜினியர் சந்தோஷப்பட்டார். தையல் கூடத்தைக் கலைத்து, கொட்டகையில் திரும்பவும் படம் போட்டார்கள். மெஷின்களை மலிவாக ஏலம் விட்டபோது மாமா போய் வெள்ளைத் திரைக்குக் கீழே இருந்த மெஷினை, அதே நாற்காலியோடு, தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். அறைக்குள் கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போய், கதவுப் பக்கம் இறக்கிவைத்தார். அக்கா அழுதாள். நான் அவளைக் கேலி பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன், எனக்கும் அழுகை வந்துவிட்டது. கண் மங்கும்வரை அவள் அந்த நாற்காலியை விடவில்லை. அதிலிருந்து அவளை எழுப்ப யாருக்கும் தைரியமும் இருந்ததில்லை.

நிவாரண ஆபீஸையும் மூடினார்கள். ஊரில் எல்லோருக்கும் வேலை வந்ததால் வேலை போனவர் ஒரே ஒருவர்தான்.

அவர் ஒரு மத்தியானம் வந்தார். ஜன்னலுக்கு வெளியே இருமல் கேட்டதும் மாமா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார், பழைய பயம். தெர்மாமீட்டர் ஜன்னலுக்குள் கையை நீட்டி, பழக்க தோஷம், அடுப்பின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தார். சுட்டது, எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொத்தான்காரி.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அவளையும் பார்த்தாள், இவரையும் பார்த்தாள். "பிரிஞ்சு இருக்கோம்னு சொன்னியே?"

"நாங்களும் அடுப்பைத்தான் பிரிச்சோம்," என்றாள் பொத்தான்காரி. "ஆபீஸ் வேலையும் நிவாரண வேலைதானே."

"கட்டிலை நகத்தினீங்களா?"

"அதை யாரு தூக்கறது?"

நான் இந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தேன். தெர்மாமீட்டருக்குக் காது சிவந்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு ரெண்டு அடுப்பும் ஒண்ணுதான்னு உங்களுக்குத் தெரியும் இல்லே சார்? என்னை நிறுத்தியிருக்கலாமே?"

அவர் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே, பாங்க் குமாஸ்தா குரலில், மெதுவாகச் சொன்னார்: "நிறுத்திட்டு வீட்டுக்குப் போய் எந்த அடுப்புலம்மா நான் கையை வைக்கறது?"

மாமா கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவினார். எத்தனையோ வீட்டு அடுப்பில் கை வைத்த அந்த மனிதரிடம் ஒரு வீட்டிலும் யாரும் கேட்டிராததை, ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டார்.

"சார், சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க," என்றார் அவர்.

"உள்ளே வாங்க. ரெண்டு பேரும் வாங்க. கதவு வழியாவே வாங்க," என்று சொல்லிவிட்டு அக்கா இரண்டு தட்டு எடுத்துவந்தாள். நாலு பேரும் கட்டிலில் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அன்றைக்கு உப்பு சரியாகவே இருந்தது.